கால்வாசிச் சக்கரத்துக்கு ஒரு பில்

அன்று பொழுது சாய்ந்த பிறகு, ஒரே வீட்டை விட்டு இரண்டாவது முறையாகக் கிளம்பி நடந்துகொண்டிருந்தேன். முதல் முறை கோபத்தோடு கிளம்பியதால் நடை வேகமாக இருந்தது. இப்போது வயிறு நிறைந்திருந்தது, கோபமும் போய்விட்டிருந்தது. ராசிபுரத்திலிருந்து ஆண்டகளூர் கேட் போகிற ரோடு முன்பைவிட நீளமாகத் தெரிந்தது.

அக்குளில் பாய் மாதிரி சுருட்டிய கட்டத்தாள். தோளில் துணிப்பை. பைக்குள் பில் புத்தகம், இரண்டு பிரஷ், ஒரு மாற்றுச் சட்டை. சட்டைப் பையில் நாற்பது நயா பைசா. சேலத்துக்கு பஸ் சார்ஜ் அதைவிட அதிகம். சேலம் வரைக்கும் நடந்து போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். அதற்கு முன்னும் நடந்திருக்கிறேன்.

அந்த வீட்டு முதலாளி எனக்கு ஐம்பது ரூபாய் தரவேண்டும் என்பது என் கணக்கு. இருபத்தைந்து என்பது அவர் கணக்கு. இந்தச் சக்கரக் காசுக்காக நான் ஐந்து மாதம் சேலத்துக்கும் ராசிபுரத்துக்குமாக அலைந்திருந்தேன். அலைந்த பஸ் காசை எழுதி வைத்திருந்தால் அதற்கே தனியாக ஒரு பில் போட்டிருக்கலாம்.

நான் டிசைன் வரைகிறவன். பட்டுச் சேலையின் கரைக்கும் முந்திக்கும் கட்டத்தாளில் படம் போட்டுக் கொடுப்பது வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்தேன். அங்கேதான் பில் எழுதப் பழகினேன். பிறகு ரயிலேறி பெங்களூரில் ஒரு பட்டு மில்லுக்குப் போனேன். டிசைன் அறையில் பிரஷ் கழுவவும் சாயம் குழைக்கவும் வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வரையக் கற்றேன். ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டேன். என்ன சண்டை என்று இப்போது நினைவில்லை. அந்த வயதில் எனக்கு எந்த இடத்திலும் மூன்று வருடத்துக்கு மேல் கால் தரிக்காது.

சேலம் பக்கம் வந்து பார்த்தால், மாதச் சம்பளத்துக்கு டிசைன்காரனை வைத்துக்கொள்ள யாரும் இல்லை. தறிகள் எல்லாம் நெசவாளிகளின் வீடுகளில் இருந்தன. முதலாளி நெடுக்கிழையான பாவும் குறுக்கிழையான ஊடையும் கொடுப்பார், சேலையாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். வருடத்தில் இரண்டு மூன்று தடவை புது டிசைன் வேண்டியிருக்கும். அதனால் நானே ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கி, வரைந்து கொடுத்து, பில் போட ஆரம்பித்தேன். சேலத்தில் ஒரு அச்சகத்தின் பின்கட்டில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே படுக்க இடம் கிடைத்தது. மாதம் ஆறு ரூபாய் வாடகை. அச்சகக்காரரிடம் கடனாகத்தான் பில் புத்தகமும் அடித்தேன். ஐம்பது தாள், நடுவில் கார்பன் வைத்து எழுதுகிற மாதிரி, மேலே என் பெயரும் 'டிசைன் ஆர்ட்டிஸ்ட்' என்ற எழுத்தும். அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

இந்த பில்தான் முதலில் எல்லோருக்கும் உறுத்தியது. எனக்கு முன்னால் படம் போட்டுக் கொடுத்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஏதோ ஒரு தொகையைக் கையில் வைத்து அழுத்துவார்கள். அழுத்தியதை எண்ணிப் பார்ப்பது மரியாதை இல்லை. ராசிபுரம் முதலாளியிடம் முதல் தடவை நான் பில்லை நீட்டியபோது அவர் அதைத் தொடவே இல்லை.

"என்னுங்க சாமி இது? நம்மளுக்குள்ள பில்லெல்லாம் எதுக்குங்க?"

"கணக்குக்கு இருக்கட்டும்னுதாங்க."

"கணக்குன்னா கணக்குப்பிள்ளைகிட்டக் குடுங்க. என்றகிட்ட எதுக்குக் காட்டறீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. அறுபது தறிக்குப் பாவு கொடுக்கிறவர். காலையில் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்தால், வருகிற நெசவாளி ஒவ்வொருவரிடமும் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்காமல் அனுப்ப மாட்டார். என்னையும் அப்படித்தான் விசாரித்தார். பில்லை மட்டும்தான் விசாரிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை ஒல்லியான ஆள். காதில் பென்சில். பில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தலையில சுழி இல்லீங்களே."

"என்ன சுழி?"

"பிள்ளையார் சுழி. மொட்டையா இருக்குது."

"நாங்க வேதக்காரங்க."

"அப்பச் சிலுவையாச்சும் போடுங்க. மொட்டைக் காயிதத்த நான் பெட்டியில வெக்கறதில்லீங்க."

பேனாவை வாங்கி மேலே ஒரு சிலுவை போட்டேன். பத்து நாள் கழித்துப் போனபோது அதே பில்லைத் திரும்ப நீட்டினார்.

"மொதலாளி கேக்கறாரு, இதென்ன மேல கூட்டல் போட்டிருக்குது, இன்னும் எதையாச்சும் சேத்திக் கேக்கறாரான்னு."

வேறு பில் எழுதினேன். அதில் ரெவின்யூ ஸ்டாம்பு இல்லை என்றார். பத்து பைசா ஸ்டாம்பு வாங்கி ஒட்டினேன். அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டிலிருந்து காசு வெளியே போகாது. சனிக்கிழமை நெசவாளிகளுக்குக் கூலி கொடுக்கிற நாள், அன்று வேறு பட்டுவாடா கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்றேன். "நீங்க கோயிலுக்குப் போகோணுமல்லங்க" என்று கணக்குப்பிள்ளையே எனக்காகப் பக்தியாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முதலாளி சேலம் கடைகளுக்குப் போய்விடுவார். வாரத்தில் எனக்கென்று மிஞ்சியது புதனும் வியாழனும். அந்த இரண்டு நாளிலும் பொழுது இருக்கும்போதே போய்விட வேண்டும். விளக்கு வைத்துவிட்டால் அதற்குப் பிறகு லட்சுமியை வெளியே அனுப்ப மாட்டார்கள்.

இதெல்லாம் சின்ன பில்கள். கரை டிசைன், எட்டு ரூபாய், பத்து ரூபாய். இழுத்தடித்தாலும் வந்துவிடும். வந்ததை வைத்து அச்சகக்காரருக்கு வாடகை கொடுத்துவிட்டு, மறுபடியும் கட்டத்தாள் வாங்குவேன். சக்கரம்தான் என்னைக் கவிழ்த்தது.

முந்திக்குப் பெரிய சக்கரம் ஒன்று வேண்டும் என்று முதலாளி கேட்டார். தேர்ச் சக்கரம் மாதிரி இருக்கவேண்டும், ஆரக்காலுக்கு ஆரக்கால் பூங்கொடி ஓடவேண்டும், முந்தி முழுக்க ஒரே சக்கரமாக நிறையவேண்டும். அவ்வளவு பெரியதை அந்த ஊரில் யாரும் நெய்திருக்கவில்லை. எனக்கு இரவில் தூக்கம் போய்விட்டது. மூன்று வாரம் அச்சகத்தின் பின்கட்டில் உட்கார்ந்து வரைந்தேன்.

இதில் வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கட்டத்தாளில் குறுக்கே போகிற ஒவ்வொரு வரிசையும் தறியில் ஓர் ஊடை இழை. ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. நான் சிவப்பு வைத்த கட்டத்துக்கெல்லாம் அட்டையில் ஓட்டை போடுவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், நெசவாளி மிதியை மிதிக்க மிதிக்கப் படம் துணியில் இறங்கும். எனக்குக் கூலி அட்டைக் கணக்கில். ஓர் அட்டைக்கு இரண்டு அணா. நயா பைசா வந்து நாலைந்து வருடம் ஆகியும் இந்தப் பேச்சு அணாவில்தான் நடந்தது.

அந்தச் சக்கரத்துக்கு நானூறு வரிசை ஆகும். நானூறு அட்டை. ஐம்பது ரூபாய். நான் அவ்வளவு பெரிய பில் அதுவரை எழுதியதில்லை.

ஆனால் சக்கரம் என்பது நாலு பக்கமும் ஒன்றுபோல இருப்பது. தறியில் நூலைக் கண்ணாடிபோல எதிரெதிராகக் கட்டிவிட்டால், இடது பாதியை வரைந்தாலே வலது பாதி தானாக விழும். அதேபோல, அட்டைகள் பாதிச் சக்கரம் வரை ஓடி முடிந்ததும் அவற்றைப் பின்னோக்கி ஓடவிட்டால், கீழ்ப்பாதி எப்படி ஏறியதோ அப்படியே மேல்பாதி இறங்கிவரும். ஆக, நான் வரையவேண்டியது சக்கரத்தில் கால்வாசிதான். அடிக்கவேண்டிய அட்டை இருநூறுதான். அந்தக் கால்வாசியை மற்ற மூன்றோடும் பொருந்துகிற மாதிரி வரைவதுதான் கஷ்டம். நடு இழையில் ஒரு கட்டம் தவறினாலும் சக்கரம் நாலு துண்டாகத் தெரியும். எத்தனையோ தடவை அழித்து வரைந்தேன். தாள் தேய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

முடித்துக் கொண்டுபோனபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. முதலாளி, கணக்குப்பிள்ளை, அதை நெய்யப்போகிற தறிக்காரர் மூவரையும் உட்காரவைத்து, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிக் கால்வாசிப் படத்தின் ஓரத்தில் நிறுத்திக் காட்டினேன். பாதிச் சக்கரம் தெரிந்தது. கண்ணாடியை இன்னொரு ஓரத்துக்கு மாற்றிக் காட்டினேன். தறிக்காரர் வாயைப் பிளந்தார். இருநூறு அட்டை மிச்சம், அட்டை அடிக்கிற கூலி மிச்சம், பெட்டியில் பாரம் குறைவு என்று நானே எடுத்துச் சொன்னேன்.

"கெட்டிக்காரனய்யா நீ" என்றார் முதலாளி. அன்றைக்குக் காபி வெள்ளி டம்ளரில் வந்தது.

விலையை அன்றே பேசியிருக்கவேண்டும். ஆனால் அங்கே யாரும் முன்கூட்டி விலை பேசுவதில்லை. வேலை ஆரம்பிக்கும்போது காசைப் பேசினால் காரியத்தில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். முதல் சேலை தறியிலிருந்து அறுத்து இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நானும் தலையாட்டினேன்.

முதல் சேலை இறங்க இரண்டு மாதம் ஆனது. இறங்கியதும் குலதெய்வத்துக்குச் சாத்தினார்கள். இரண்டாவது சேலைதான் கடைக்குப் போகும் என்றார்கள். அதுவும் போனது. ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டை வழியாகப் போகையில் ஒரு கடையில் என் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. அரக்கு உடம்பில் பச்சைச் சக்கரம். எங்கேயும் பிளவு தெரியவில்லை. உள்ளே போய், வாங்க வந்தவன் மாதிரி விலை கேட்டேன். கடைக்காரர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "இது காட்டத்தான் மாட்டியிருக்கு. பன்னெண்டு சேலைக்கு ஆர்டர் போயிருக்கு, வந்ததும் வாங்க" என்றார்.

மறு புதன்கிழமையே பில்லோடு போய்விட்டேன். சுழிக்குப் பதிலாக இந்தத் தடவை 'லாபம்' என்று மேலே எழுதியிருந்தேன். கடைப் பழக்கம்தான், யாருக்கும் ஆட்சேபம் இராது. கணக்குப்பிள்ளை தலையில் குறை எதுவும் சொல்லவில்லை. கீழே இருந்த தொகையைப் பார்த்துத்தான் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"எத்தனை அட்டைங்க?"

"சக்கரம் நானூறு வரிசை."

"அட்டை எத்தனை அடிச்சுது?"

"இருநூறு."

"அப்ப இருவத்தஞ்சு ரூவா."

"சேலையில நானூறும் வருதல்லங்க?"

"அது தறி போடறது. தறிக்காரருக்கு அதுக்குக் கூலி குடுத்துட்டோம்."

முதலாளி பக்கத்தில்தான் இருந்தார். அவரிடம் திரும்பினேன். பாதி அட்டையை மிச்சம்பிடித்ததே நான்தானே, அதற்கு என் கூலியை ஏன் பாதியாக்குகிறீர்கள் என்று கேட்டேன். முட்டாளாக நானூறு வரிசையும் வரைந்திருந்தால் முழுக்கூலி, யோசித்து வரைந்தால் அரைக்கூலியா என்றேன். என் குரல் ஏறிவிட்டது.

அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "சாமி, நீங்களே சொன்னீங்க, கால்வாசிதான் வரைஞ்சேன்னு. கண்ணாடியெல்லாம் வெச்சுக் காட்டுனீங்க. கால்வாசிக்கு நான் பாதி தாரேன்னு சொல்றேன். இதுல உங்களுக்கு நட்டம் எங்கீங்க?"

கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அச்சகத்தில் அப்போது மூன்று மாத வாடகை நின்றிருந்தது. பில் புத்தகக் கடனும் இருந்தது. இருபத்தைந்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அதில் பெரும்பாலானது தீர்ந்திருக்கும். ஆனால் அன்று அதை வாங்கினால் இனி எல்லா ஊரிலும் என் கூலி அதுதான். ராசிபுரத்தில் ஒருவர் கொடுத்த விலை மறுவாரம் மற்ற முதலாளிகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். நான் யோசிக்க யோசிக்க என் காசு குறைந்துகொண்டே போகும். இதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்றைக்கும் சரியாகச் சொல்ல வருமா என்று சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கால்வாசி வரைந்ததுதான் குறை என்றால் முழுச் சக்கரத்தையும் வரைந்தே கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டினேன். பஸ் காசை மட்டும் ஒதுக்கிவிட்டு, கையிலிருந்த கடைசி நாலு ரூபாய்க்குத் தாளும் சாயமும் வாங்கினேன். பதினோரு நாள். ஏற்கெனவே நெய்து கடையில் தொங்குகிற சக்கரத்தின் மீதி முக்காலை, எந்தத் தறிக்கும் தேவையில்லாத முக்காலை, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். என்னிடமிருந்த பழைய கால்வாசியோடு சேர்த்து நாலு துண்டையும் மைதாப் பசை போட்டு ஒட்டியபோது நாலடி அகலத்துக்கு வந்தது. அச்சகக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்குது, இது எதுக்கு?" என்றார். பில்லுக்கு என்றேன். அவர் வாடகையைக் கேட்காமலே ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் ராசிபுரத்தில் இறங்கினேன். பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதுதான் அந்த நாற்பது பைசா. கூடத்தில் தாளை விரித்தேன். நாலு மூலைக்கும் நாலு நூல் கண்டு வைத்தேன். முதலாளி எழுந்து வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுக்கு எத்தனை அட்டை அடிச்சுதுங்க?" என்றார் கணக்குப்பிள்ளை, அவர் இடத்திலிருந்தே.

"நீங்க அடிச்சா நானூறு."

"அடிக்க மாட்டமுங்களே. இருநூறுலயே ஓடுதல்ல."

"முழுசா வரைஞ்சாச்சு. முழு பில்."

"வரையச் சொல்லி ஆரு கேட்டாங்க?"

முதலாளி கணக்குப்பிள்ளையைக் கையமர்த்தினார். "தம்பி, படம் ரொம்ப நல்லா இருக்குது. சட்டம் போட்டு ஊட்டுல மாட்டோணும். படத்துக்கு உங்களுக்கு ஒரு வேட்டி எடுத்துத் தாரேன். பில்லுக்கு இருவத்தஞ்சு வாங்கிக்குங்க. அடுத்து ஒரு அன்னம் வேணும். அதையும் இப்படியே கால்வாசியா யோசிச்சு வரைங்க."

"அன்னத்துக்குக் கால்வாசி வராதுங்க. தலை ஒரு பக்கம்தான இருக்கும்."

"அதுதான் நீங்க கெட்டிக்காரராச்சே."

கணக்குப்பிள்ளை பெட்டியைத் திறந்து இரண்டு பத்து ரூபாயும் ஒரு ஐந்து ரூபாயும் எடுத்துப் பலகைமேல் வைத்தார். பில்லின் அடியில் 'முழுத்தொகையும் தீர்ந்தது' என்று அவரே எழுதி, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். நான் நூல் கண்டுகளை எடுத்தேன். தாளைச் சுருட்டினேன். வேட்டி வேண்டாம், இருபத்தைந்தும் வேண்டாம், படமும் கிடையாது என்றேன். முதலாளியின் முகம் வாடிவிட்டது. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று நினைக்கிறேன். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஊர் எல்லையில் ஒரு ரைஸ் மில் வரைக்கும் வந்திருப்பேன். கோபம் அதுவரைதான் தாங்கியது. காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று மாத வாடகை ஞாபகம் வந்தது. அச்சகக்காரர் தாளைப் பார்த்துவிட்டு அதைக் கேட்காமலே போனதும் ஞாபகம் வந்தது. விலையை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம், இருபத்தைந்து இருபத்தைந்துதான் என்று தோன்றியது. திரும்பி நடந்தேன். அந்த வெட்கத்தைத் தனியாகச் சொல்லவேண்டாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளே கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி வெளியே வந்தார்.

"கையெழுத்துப் போட்டுடறேன். அந்த இருபத்தஞ்சக் குடுத்துடுங்க" என்றேன்.

"வெளக்கு வெச்சாச்சுங்களே."

"இப்பத்தான் வெச்சிருப்பாங்க."

"இப்ப வெச்சாலும் வெச்சதுதானுங்க. நாளைக்கு வெள்ளி. நாளானிக்கிக் கூலி நாள். புதன்கெழம வாங்க."

உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "அட, சாமி வந்துட்டாரு. வாங்க, வாங்க. கோவிச்சுக்கிட்டுப் பசியோட போனீங்களேன்னு இவ சொல்லிட்டே இருந்தா. ஒக்காருங்க, சாப்பிடுங்க." காசைப் பற்றிக் கேட்டேன். "அதெங்கீங்க ஓடிப்போகுது" என்றார். அந்த நேரத்தில் சோறு போட அந்த வீட்டில் தடையில்லை. காசுக்குத்தான் தடை. இலை போட்டார்கள். அவரைக்காய்க் குழம்பு, ரசம், தயிர். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். யாரும் சக்கரத்தைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டுக் கைகழுவி, வாரேனுங்க என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த இரண்டாவது நடைதான் இது.

கேட்டைத் தாண்டிச் சேலம் ரோட்டில் திரும்பியதும் பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்தது. குச்சிக்கிழங்கு பாரம். மரவள்ளியைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். வண்டிக்காரர் என்னை ஒட்டி மாட்டை நிறுத்தினார்.

"ஏனுங்க, பாயத் தூக்கிட்டு எங்கீங்க கெளம்பிட்டீங்க? ஊட்டுல சண்டையா?"

"பாய் இல்லீங்க. படம்."

"சாமி படமுங்களா?"

"சேலைக்கு வரைஞ்ச படம்."

"சேலைக்கு வேற படம் வரையோணுமா? நான் அது தானா வருதுன்னு நெனச்சேன்." ஏறிக்கொள்ளச் சொன்னார். கிழங்கு மூட்டைகள்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும், "இதுக்கு ஆருங்க காசு குடுப்பாங்க?" என்றார்.

"அதத்தான் இத்தனை நாளா கேட்டுட்டு வரேன்."

அவர் அதைப் பெரிய வேடிக்கையாக எடுத்துக்கொண்டு மாட்டிடம் ஒரு தடவை சொன்னார். பிறகு தன் கதையைச் சொன்னார். மல்லூருக்கு இந்தப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரி ஒன்று இருக்கிறது, கிழங்கை அங்கே இறக்குகிறார். இறக்கியதும் வாடகை கையில் வந்துவிடும். "மண்ணு ஒட்டியிருக்குதுன்னு எடையில கொஞ்சம் புடிப்பாங்க. புடிக்காம இருப்பாங்களா? ஆனா அன்னன்னிக்குக் குடுத்துருவாங்க. வெள்ளி செவ்வா பாக்க மாட்டாங்க." இந்தக் கடைசிப் பேச்சை அவர் சும்மாதான் சொன்னார். நான் அவரிடம் எதையும் விவரமாகச் சொல்லியிருக்கவில்லை. பேக்டரியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டேன். மாசி முடிகிற வரைக்கும் கேட்கிற ஆளையெல்லாம் எடுப்பார்கள் என்றார்.

பேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுராத்திரி ஆகிவிட்டது. வண்டிக்காரர் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் படுக்க இடம் காட்டினார். தரை ஈரம். சுருட்டியிருந்த தாளை விரித்து அதன்மேல் படுத்துக்கொண்டேன். நாலடி அகலம், ஆள் படுக்கப் போதும். காலையில் எழுந்தபோது பனியில் தாள் ஊறி, சிவப்புச் சாயம் சட்டையில் முதுகு முழுக்க ஏறியிருந்தது. தாளை எடுத்தால் பிய்ந்து வந்தது. அங்கேயே விட்டுவிட்டேன்.

பேக்டரியில் அதற்குள் வேலை தொடங்கிவிட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். புளித்த மாவு வாடை மூக்கை அடைத்தது. மேஸ்திரி என் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது, ரத்தமா?"

"சாயமுங்க."

"சாயப்பட்டறையில இருந்தியா?"

"அந்த மாதிரிதாங்க."

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"ஆறாவது வரைக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. எடை போடுகிற இடத்தில் வண்டிக்காரர்களுக்குச் சீட்டு எழுத ஆள் இல்லை என்றார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, மற்றவர்களைவிட நாலணா அதிகம், சம்பளம் மாதம் பிறந்து ஐந்தாம் தேதி. ஒரு மேஜையையும் நோட்டையும் காட்டினார்.

"எழுதற வேலை வேண்டாமுங்க" என்றேன். "தினக்கூலி எதுல இருக்குது?"

"தினக்கூலின்னா தொட்டிதான். கெழங்கு கழுவோணும். காலு தண்ணியில ஊறி வெந்து போயிரும்."

"சாயங்காலம் காசு குடுத்துருவீங்களா?"

"மணி அடிச்சதும்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"அதுக்கென்ன?" என்றார். என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பார்.

கூலி ஒன்றேகால் ரூபாய். சட்டையைக் கழற்றிப் பையில் திணித்து, பையைச் சுவர் ஆணியில் மாட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் வரைக்கும் இருந்தது, குளிர்ந்திருந்தது. மேலேயிருந்து ஒரு பெண், "காலை ஓரமா வெச்சுக்க, கொட்டறேன்" என்று சொல்லிவிட்டு, உரித்த கிழங்கை முதல் கூடையாகக் கொட்டினாள்.